படிவத்துச் சொற்களும் எமது மாணாக்கரும்

ஆங்கில மொழியிலே ஒலியாலும் வடிவாலும் பொருளாலும் ஒன்றோடொன்று மயங்கும் சொற்கள் மிகப் பல. அவற்றை இரண்டிரண்டாக எழுதி மனனஞ் செய்விப்பது பள்ளிக்கூட வழக்கம். தமிழ் கற்பிக்கும் நாம் அவ்விடயத்திற் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், மலையகத்துப் பிள்ளைக்கு அம்மயக்கம் தீரவேண்டிய இடம் தமிழ் வகுப்பே என்பது எமது துணிபு. அதற்கான காரணத்தை இவ்விழா மலரிலே பழைய மாணவர் முன்னிலையில் வைக்க விரும்புகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன், உயர்கல்வி நெறியொன்றுக்கு ஆங்கிலப் படிவம் நிரப்பினான். 'நேஷனாலிட்டி' என்ற கட்டத்தில் 'இந்தியத் தமிழர்' என எழுதிவிட்டான். அவனது பிறப்புச் சான்றிதழில் தந்தையின் இனம் அவ்வாறே பதியப்பட்டிருந்தது. படிவத்தைப் பார்த்த அலுவலர், "அப்படியானால் இந்தியக் கடவுச்சீட்டைக் கொண்டு வாரும்" என்றாராம். திருத்தி அனுப்புவதற்குள் முடிவுத் திகதி கடந்துவிட்டது. அலுவலரை நோவதிற் பயனில்லை. "நேஷனாலிட்டி என்றால் தேசிய இனம் என்று நீங்கள்தாமே சேர் சொல்லித் தந்தீர்கள்?" என்று அவன் கேட்டபோது எமக்கு விடையில்லை.

உண்மையில் அவ்வாறே சொல்லித் தந்தோம். அரசியல் நூல்களில் அச்சொல்லுக்கு அப்பொருளும் உண்டு. ஆனாற் படிவத்தில் அது கேட்பது, எந்த நாட்டைச் சேர்ந்தவன் என்பதை மட்டுமே. 'ரேஸ்' என்பது இனம். 'நேஷனாலிட்டி' என்பது நாட்டினம். 'சிட்டிசன்ஷிப்' என்பது சட்டம் தரும் பிரசாவுரிமை. கினிகத்தேனையிற் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு முதலாவது தமிழர், ஏனைய இரண்டும் இலங்கை. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கைத் தமிழர் எனவும் இந்தியத் தமிழர் எனவும் இரு பிரிவு வகுக்கப்பட்டது. இனத்தின் பெயருக்குள்ளே அன்று நுழைந்த நாட்டின் பெயர், நூறாண்டு கடந்தும் எம் பிள்ளைகளின் பேனாவைத் தடுமாறச் செய்கின்றது.

நிற்க. 'டிசென்ட்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழெழுத்தில் எழுதினால் மரபுவழி என்பதும் மறுப்பு என்பதும் ஒரே வடிவாகிவிடும். ஒரு குறிலை நெடிலாக்கினால் 'டீசென்ட்' என்று நாகரிகமும் வந்து சேரும். வகுப்பிலே இது நகைப்புக்குரியது. ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தில் இச்சொல்லின் மீதே எம் முன்னோரின் தலைவிதி தொங்கிற்று. அச்சட்டம் பிரசைகளை மரபுவழிப் பிரசை, பதிவுப் பிரசை என இருவகைப்படுத்தியது. 1948 நவம்பர் 15ஆம் நாளுக்கு முன் இந்நாட்டிற் பிறந்தவர், பிறந்தமையால் மட்டும் பிரசையாகிவிடவில்லை. அவர் தந்தை இங்கே பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். பிறப்பு வேறு, மரபு வேறு. லயத்து அறையிற் பிறந்த பாட்டனுக்குப் பதிவுப் பத்திரம் எங்கே தேடுவது?

இன்னொரு சோடி, 'ரெசிடென்ஸ்', 'டொமிசைல்' என்பன. அகராதிகள் பல இரண்டுக்கும் 'வசிப்பிடம்' என்றே பொருள் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடும். முன்னது ஒருவர் வாழும் இடம். பின்னது அவரது நிலையான இல்லமெனச் சட்டம் கருதும் இடம். நாற்பதாண்டு கொழுந்து பறித்தவரும் முன்னதை உடையவராய்ப் பின்னதை இல்லாதவராய் இருத்தல் கூடும். 1931இல் டொனமூர்த் திட்டத்தின்கீழ் வாக்குரிமை வந்தபோது டொமிசைல் கேட்கப்பட்டது. அதனை நிறுவ இயலாதவர், கல்வியும் சொத்தும் உடையவராகவோ, ஐந்தாண்டு வதிவைக் காட்டி நிலையாகக் குடியமர்ந்தமைக்குச் சான்றிதழ் பெற்றவராகவோ இருத்தல் வேண்டியதாயிற்று. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமோ, 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிலையாக வதியும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கிற்று. இரு சட்டங்களுக்கும் இடையில் எழுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன.

அந்த அக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தான நாள். ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க இணங்கின. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாக்கின. இந்தியாவுக்கு அனுப்பப்படுவோர்க்கு வழங்கிய சொல் 'ரிபேட்ரியேஷன்'. தந்தையர் நாட்டுக்கு மீளுதல் என்பது அதன் வேர்ப்பொருள். 'தாயகம் திரும்பியோர்' என்று தமிழ்நாட்டில் அதனை மொழிபெயர்த்தனர். ஒருநாளும் காணாத ஊருக்குத் திரும்புதல் எங்ஙனம்? மொழிபெயர்ப்பிற் பிழையில்லை, மூலச்சொல்லே பொய்த்தது. இங்கே இந்தியர் எனப்பட்டவர் அங்கே சென்றதும் சிலோன்காரர் எனப்பட்டனர்.

தமிழ் இவ்விடயத்தில் வறியதன்று என்பதையும் சொல்லுதல் வேண்டும். ஆங்கிலத்தில் 'இமிகிரேஷன்', 'எமிகிரேஷன்' என்பவற்றைச் செவியால் வேறுபடுத்தல் அரிது. எமது அரசாங்கத் திணைக்களமோ 'குடிவரவு, குடியகல்வு' என்று பெயர் பூண்டு நிற்கின்றது. வருகின்றவர் யார், அகல்கின்றவர் யார் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். அத்தகைய சொல்லை ஆக்கியவர்க்கு நாம் கடப்பாடுடையோம். சூடாமணி நிகண்டில் ஒரு சொற் பல்பொருளுக்கெனத் தனித் தொகுதியே அமைத்த மரபு எம்முடையது. அம்மரபினர் 'தேசிய இனம்' என்று ஒரே சொல்லால் இரண்டு கட்டங்களை நிரப்பச் சொல்லித் தருவது வெட்கத்துக்குரியது. அவ்வெட்கத்தில் எமக்கும் பங்குண்டு.

ஆதலால் எமது வேண்டுகோள் சிறிது. பதினைந்து வயதில் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் காலத்தில், தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே வகுப்பில் இரண்டு பாடவேளை சேர்ந்திருந்து, உண்மையான படிவங்களைப் பிள்ளைகள் கையிற் கொடுத்து நிரப்பச் செய்தல் வேண்டும். வங்கியிலும் கச்சேரியிலும் கடமையாற்றும் பழைய மாணவர்கள் பழம்படிவங்களை அனுப்பி உதவலாம். மேலே கூறிய மாணவன் மறு ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தான். அனுப்புமுன் படிவத்தை எம்மிடம் கொணர்ந்து, அந்தக் கட்டத்தை விரலாற் சுட்டி, "இப்போது சரியா சேர்?" என்றான். 'இலங்கையர்' என்று எழுதியிருந்தான்.