கிட்டாருக்கு கம்ப்ரஸர் பெடல் வேணுமா? முதலில் டிவி ரிமோட்டைக் கையில் எடுங்கள்!

இரவு ஒன்பது மணி சீரியல். நாயகி கிசுகிசுக்கிறாள், ஒன்றும் காதில் விழவில்லை. ரிமோட்டை எடுத்து வால்யூமை ஏற்றுகிறோம். அடுத்த நொடியே மாமியார் கேரக்டர் அலறுகிறார். பதறிப்போய் குறைக்கிறோம். மறுபடி கிசுகிசு, மறுபடி ஏற்றம். வீட்டில் யாராவது ஒருவருக்கு இதே வேலைதான்.

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு விற்கும் கம்ப்ரஸர் பெடலும் இதே வேலையைத்தான் செய்கிறது. காலால் மிதிக்கும் ஒரு சின்ன உலோகப் பெட்டி. அதற்குள் ரிமோட் பிடித்த கை ஒன்று இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கம்பியைப் பலமாக அடித்தால் சத்தத்தை இறக்கும். பிறகு மொத்தத்தையும் கொஞ்சம் தூக்கிவிடும். அதனால் மெல்லத் தொட்ட சுரமும் மேலே வந்து நிற்கும். (விளம்பர இடைவேளையில் வீடே அதிர்வதற்கும் இந்தத் தொழில்நுட்பம் ஒரு காரணம். விளம்பரத்தின் ஒலியை இப்படி அழுத்தி, உயரம் குறையாமல் நிரப்பிவிடுகிறார்கள்.)

சிக்கல் என்னவென்றால், பெடல்களிலேயே கடையில் வைத்துப் புரிந்துகொள்ளக் கடினமானது இதுதான். டிஸ்டார்ஷனை மிதித்தால் கிட்டார் உறுமும். டிலேயை மிதித்தால் எதிரொலிக்கும். கம்ப்ரஸரை மிதித்தால், கூட வந்த அப்பா "ஆன் ஆயிருக்கா?" என்று கேட்பார். அவர் கேட்பதில் தப்பே இல்லை. நன்றாக வைக்கப்பட்ட கம்ப்ரஸர் வெளியே தெரியாது. அதனால்தான் பலர் ஊர் பேச்சைக் கேட்டோ, பெட்டியின் நிறத்தைப் பார்த்தோ இதை வாங்கிவிடுகிறார்கள்.

ரிமோட் பாடம்

எந்த கம்பெனி பெடலாக இருந்தாலும் நான்கு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். நான்கையும் அந்த ரிமோட்டை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

எவ்வளவு சத்தம் வந்தால் ரிமோட்டைத் தேடுவீர்கள்? அந்த அளவுதான் த்ரெஷோல்ட். அதற்குக் கீழே இருக்கும் சத்தத்தைப் பெடல் தொடாது. எவ்வளவு குறைப்பீர்கள் என்பது ரேஷியோ. 4:1 என்றால், எல்லைக்கு மேலே 12 டெசிபல் போன சத்தம் 3 டெசிபல் மட்டுமே மேலே போனதாக வெளியே வரும். எவ்வளவு வேகமாக பட்டனை அமுக்குகிறீர்கள் என்பது அட்டாக். சத்தம் அடங்கியபின் எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறீர்கள் என்பது ரிலீஸ்.

இதில் காதுக்கு அதிகம் தெரிவது அட்டாக்தான். கை வேகமாக இருந்தால், பிக் கம்பியில் படும் அந்த முதல் 'டக்' சத்தமே அமுங்கிப்போய், சுரம் உருண்டையாக வரும். கை கொஞ்சம் தாமதித்தால் அந்த 'டக்' தப்பித்து வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு வரும் பகுதி மட்டும் அடங்கும். நாஷ்வில் பக்கத்து கன்ட்ரி கிட்டார்காரர்கள் கம்பியைக் கிள்ளி இழுத்து, கோழி கொத்துவதுபோல வாசிப்பார்களே, அந்த ஒலியில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ரிலீஸ் ரொம்பச் சீக்கிரமாக இருந்தால் பின்னணி இரைச்சல் மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கும்.

ஒரு எச்சரிக்கை. பல பெடல்களில் இந்த நான்கு பெயர்களையும் பார்க்க முடியாது. 'சஸ்டெயின்' அல்லது 'சென்சிட்டிவிட்டி' என்று ஒரே ஒரு நாப் இருக்கும். எவ்வளவு அழுத்தம் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. சஸ்டெயின் என்ற பெயரைப் பார்த்து, பெடல் சுரத்தை நீட்டிக் கொடுக்கும் என்று நம்ப வேண்டாம். கம்பி அதன் போக்கில்தான் அடங்குகிறது. அடங்கும் வாலை பெடல் தூக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஒரு பாட்டு சொல்லும் கதை

அந்த வாலைத் தூக்குவதால் என்ன கிடைக்கும்? 1965-ல் அமெரிக்காவின் 'தி பேர்ட்ஸ்' குழு வெளியிட்ட 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டின் தொடக்கத்தை ஒருமுறை ஹெட்போனில் கேளுங்கள். ரோஜர் மெக்வின் வாசிக்கும் 12 கம்பி ரிக்கன்பேக்கர் எலெக்ட்ரிக் கிட்டார் அது. இயல்பாக அந்த வகைக் கிட்டாரில் சுரம் 'டிங்' என்று ஒலித்துச் சீக்கிரமே அடங்கிவிடும். பாட்டிலோ கண்ணாடி வளையல்களைக் கொட்டியதுபோல ஒன்றோடொன்று கோத்து ஒலிக்கிறது. ஹாலிவுட்டின் கொலம்பியா ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளர் கம்ப்ரஷனைத் தாராளமாகப் போட்டதுதான் காரணம் என்று மெக்வினே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அப்போது கம்ப்ரஸர் என்பது ஸ்டுடியோ அலமாரியில் உட்கார்ந்திருந்த கனமான கருவி. காலுக்குக் கீழே வந்தது எழுபதுகளில்தான். எம்எக்ஸ்ஆர் நிறுவனத்தின் சிவப்பு 'டைனா காம்ப்', இரண்டே நாப்களோடு, அந்த வரிசையில் மிகப் புகழ்பெற்றது. இன்றும் விற்கிறது. அதற்குப் பின் வந்த ராஸ் என்ற சாம்பல் நிறப் பெட்டியும், இன்றைய பல பிரபல பெடல்களும் அதே சர்க்யூட் குடும்பத்தின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

மூன்று குணம்

பெட்டிக்குள் ரிமோட்டைப் பிடித்திருக்கும் 'கை' எதனால் ஆனது என்பதை வைத்து, கடையில் கிடைக்கும் பெடல்களைப் பெரும்பாலும் மூன்று குணங்களில் அடக்கிவிடலாம்.

முதலாவது, ஓடிஏ எனப்படும் சிப் வகை. டைனா காம்ப் குடும்பம் முழுக்க இதுதான். இது தன் வேலையை மறைக்காது. சுரத்தைக் கொஞ்சம் பிசைந்து தரும். அந்தப் பிசைவுக்காகவே இதை விரும்புகிறவர்கள் நிறைய. கன்ட்ரி, ஃபங்க், சுத்தமான தாள வாசிப்பு என்றால் பொருத்தம். கீலி, சோட்டிக் எஸ்பி போன்றவை இதே குணத்தை நாகரிகப்படுத்தியவை.

இரண்டாவது, ஆப்டிகல். உள்ளே ஒரு விளக்கும், ஒளிக்கு ஏற்ப மின்தடை மாறும் ஒரு செல்லும் இருக்கும். சத்தம் கூடினால் விளக்கு பிரகாசிக்கும். அதைப் பார்த்து செல் சத்தத்தைக் குறைக்கும். இது கொஞ்சம் நிதானப் பேர்வழி. அதனால் ஒலி வழுவழுப்பாக, இயல்பாக இருக்கும். அறுபதுகளின் புகழ்பெற்ற எல்ஏ-2ஏ ஸ்டுடியோ கருவி இந்த முறையில் ஓடியதுதான். பெடல்களில் டயமண்ட் கம்ப்ரஸர் நல்ல உதாரணம். விரலால் மீட்டி வாசிக்கிறவர்களுக்கும், மெல்லிய மெலடி வாசிக்கிறவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, எஃப்ஈடி வகை. 1967-ல் வந்த 1176 என்ற ஸ்டுடியோ கருவியின் வழி. அதன் அட்டாக் அளவை மைக்ரோ செகண்டில் சொல்வார்கள்: 20 முதல் 800 வரை. கண் சிமிட்டுவதெல்லாம் இதற்கு முன்னால் ஆமை வேகம். ஒரிஜின் எஃபெக்ட்ஸின் காலி76 இந்த வழியில் வந்த பெடல். அருமையான கருவி, ஆனால் விலையும் அதற்கேற்ற உயரம். முதல் கம்ப்ரஸராக அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வகையைவிட முக்கியமாக நான் பார்ப்பது ஒரே ஒரு நாப்: 'பிளெண்ட்'. அழுத்தப்பட்ட ஒலியோடு, தொடாத அசல் ஒலியையும் கலந்துகொள்ள உதவுவது. பாதிக்குப் பாதி வைத்தால், விரலின் மென்மையும் வன்மையும் உயிரோடு இருக்கும். அடியில் ஒரு தாங்கலும் கிடைக்கும். மேலே சொன்ன சோட்டிக் எஸ்பியிலும், கீலியின் கம்ப்ரஸர் பிளஸ்ஸிலும் இது உண்டு. 1986 முதல் விற்கும் பாஸ் சிஎஸ்-3-ல் லெவல், டோன், அட்டாக், சஸ்டெயின் என்று நான்கு நாப் இருந்தாலும் பிளெண்ட் கிடையாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், புதிதாக வாங்குகிறவருக்கு என் ஓட்டு பிளெண்டுக்கே.

யாருக்கு வேண்டாம்?

வாசிப்பதெல்லாம் மெட்டல், ஹார்ட் ராக் என்றால் காசை மிச்சம் பண்ணுங்கள். டிஸ்டார்ஷனே அலையின் உச்சியைச் சீவிவிடுகிறது. அதுவே ஒரு கம்ப்ரஷன்தான். அதன்மேல் இன்னொன்றை வைத்தால் பெரும்பாலும் கூடுவது இரைச்சல்தான். இரண்டும் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கம்ப்ரஸரை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வையுங்கள்.

வாசிக்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகாதவர்களுக்கும் வேண்டாம் என்பேன். இதைச் சொன்னால் சில கிட்டார் நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு சுரம் பலமாகவும், அடுத்தது தயங்கியும் வருவது ஆரம்பத்தில் எல்லோருக்கும் நடப்பது. அதைக் காது கேட்டு, விரல் தானே திருத்திக்கொள்ள வேண்டும். கம்ப்ரஸர் நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சமமாக்கிக் காட்டினால், விரலுக்கு அந்தத் தகவலே போய்ச் சேராது. ஆறு மாதம் கழித்து அகூஸ்டிக் கிட்டாரை மடியில் வைக்கும்போது அது பளிச்சென்று தெரியும். பெடல் வைத்திருப்பவர்களும் பயிற்சியின்போது அதை அணைத்துவிட்டு வாசிப்பது நல்லது.

இன்னொன்று. உங்களிடம் ஏற்கெனவே கம்ப்ரஸர் இருக்கலாம்! பாஸ் ஜிடி-1 போன்ற மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டிகளில் இது உள்ளேயே இருக்கிறது. ஐபோன், ஐபேடில் இலவசமாக வரும் கராஜ்பேண்டிலும் ஒன்று உண்டு. அதை ஒரு மாதம் உருட்டிப் பாருங்கள். ஒரு மாதம் கழித்தும் வித்தியாசம் கேட்கவில்லை என்றால், வாங்கவிருக்கும் பெட்டியிலும் கேட்காது.

கடையில் என்ன செய்வது?

உங்கள் கிட்டாரை எடுத்துக்கொண்டு போங்கள். கடைக் கிட்டாரில் கேட்டது வீட்டில் கேட்காது. ஹம்பக்கர் பிக்கப் சத்தமாகப் பேசும். சிங்கிள் காயில் மெல்லப் பேசும். ஒரே நாப் நிலையில் இரண்டையும் பெடல் வேறு வேறு மாதிரி நடத்தும்.

முதல் வேலை, பெடல் ஆன், ஆஃப் இரண்டிலும் சத்தம் ஒரே அளவாக இருக்கும்படி லெவல் நாப்பை வைப்பது. இதைச் செய்யாமல் வேறெதையும் ஆரம்பிக்காதீர்கள். சத்தம் கொஞ்சம் கூடினாலே, ஒலி தரமாகிவிட்டதுபோல நம் காது ஏமாறும். 'மிதிச்சதும் சூப்பரா இருக்குல்ல' என்று விற்பனையாளர் சொல்லும் இடத்தில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

பிறகு ஆம்பை டிஸ்டார்ஷன் இல்லாமல் வைத்து, ஒரு கார்டை விரல்களால் பிரித்து வாசியுங்கள். ஒரு சுரத்தை அடித்துவிட்டுக் கடைசிவரை காத்திருந்து கேளுங்கள். பிறகு கம்பிகளை உள்ளங்கையால் மூடிவிட்டு, ஒன்றுமே வாசிக்காமல் பத்து நொடி இருங்கள். அந்த 'ஸ்ஸ்ஸ்' உங்களால் தாங்கக்கூடியதா? மெல்லிய சுரத்தைத் தூக்கும் கை, இரைச்சலையும் அதே அளவு தூக்கும். எர்த் சரியில்லாத அறையில், சிங்கிள் காயில் கிட்டாரோடு, இது இன்னும் கூடும். சஸ்டெயினைப் பாதிக்குக் கீழே இறக்கி மறுபடி கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடமே போதும்.

செகண்ட் ஹேண்ட் பெடலும் தாராளமாக வாங்கலாம். நாப்களைத் திருப்பும்போது கரகரப்பு வருகிறதா, சுவிட்ச் ஒவ்வொரு மிதிக்கும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்தால் போதும். அடாப்டர் விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் டிசி, பின்னின் நடுப்பகுதி நெகட்டிவ். எலெக்ட்ரிக்கல் கடையில் சும்மா '9 வோல்ட் அடாப்டர்' என்று கேட்டால், நடுவில் பாசிட்டிவ் உள்ளதை எடுத்துக் கொடுத்துவிட வாய்ப்பு அதிகம். பெடலின் முதுகிலும் அடாப்டரிலும் அச்சிட்டிருக்கும் அந்தக் குட்டி வட்டப் படத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு பிளக்கைச் சொருகுங்கள்.