114-ஆம் இடத்தில் இருப்பவர் தோற்றவரா?

இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுக்குள் தரவரிசையின் உச்சியைத் தொடாத டென்னிஸ் வீராங்கனைக்கு அந்தத் திறமையே இல்லை. அதன் பிறகும் சிறு போட்டிகளில் ஆடுவது வீண் பிடிவாதம். டென்னிஸ் ரசிகர்களிடையே வேரூன்றிய நம்பிக்கை இது. நெதர்லாந்தின் அரான்ட்சா ரூஸ் ஆடிய ஆட்டங்களை வரிசையாகப் பார்த்தால் இந்த நம்பிக்கை நிற்காது.

1990 டிசம்பரில் டெல்ஃப்ட் நகரில் பிறந்த ரூஸ், இடது கை ஆட்டக்காரர். 2008 ஆஸ்திரேலிய ஓபனில் ஜூனியர் ஒற்றையர் பட்டம் வென்றார். மூன்றாண்டுகள் கழித்து, 2011 பிரெஞ்சு ஓபனின் இரண்டாவது சுற்றில் கிம் கிளைஸ்டர்ஸைச் சந்தித்தபோது அவருடைய தரவரிசை 114. கிளைஸ்டர்ஸோ உலகின் 2-ஆம் நிலை வீராங்கனை; அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஆஸ்திரேலிய ஓபனை வென்றிருந்தார். முதல் செட் 6-3 எனக் கிளைஸ்டர்ஸுக்குப் போனது. இரண்டாவது செட்டிலும் அவரே 5-2 என முன்னிலை பெற்றார். ஆட்டத்தை முடிக்க மேட்ச் பாயின்ட்டும் கிடைத்தது. ரூஸ் அதைத் தடுத்தார். அடுத்தடுத்து ஐந்து கேம்களை வென்று செட்டை 7-5 எனக் கைப்பற்றினார். மூன்றாவது செட்டை 6-1 என முடித்தார்.

கிளைஸ்டர்ஸ் அப்போதுதான் காயத்திலிருந்து மீண்டு வந்திருந்தார் என்பது உண்மை. ஆனால் ரூஸின் வெற்றி அதோடு நிற்கவில்லை. 2012 பிரெஞ்சு ஓபனில் அவர் நான்காவது சுற்று வரை முன்னேறினார். அதே ஆண்டு விம்பிள்டனில், நடப்பு அமெரிக்க ஓபன் சாம்பியனான சமந்தா ஸ்டோசரை வீழ்த்தினார். அந்த ஆகஸ்டில் அவருடைய தரவரிசை 61. குருட்டு அதிர்ஷ்டம் இத்தனை முறை வருவதில்லை.

மேற்படி நம்பிக்கையைக் கைவிடாதவர்கள் காட்டும் வலுவான சான்று அடுத்து நடந்தது. 2012 ஆகஸ்டு முதல் 2013 விம்பிள்டன் வரை பெண்கள் டென்னிஸ் சங்கத்தின் (டபிள்யூடிஏ) ஆட்டங்களில் ரூஸ் தொடர்ந்து 17 முறை தோற்றார். 1980-களில் சாண்டி காலின்ஸ் வைத்திருந்த மோசமான சாதனையைச் சமன் செய்த தொடர் அது. இதை மறைக்க வேண்டியதில்லை. சரியாகப் படித்தால் போதும். தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களின் கணக்கு. ஓராண்டின் நல்ல வெற்றிகள் ஒருவரைப் பெரிய போட்டிகளின் பிரதான சுற்றுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தும். அங்கே முதல் சுற்றிலேயே எதிரில் நிற்பவர் முன்னணி வீராங்கனையாக இருக்கலாம். முதல் சுற்றிலேயே தோற்றால் வாரத்துக்கு ஓர் ஆட்டம்தான். தவறைத் திருத்திக்கொள்ள அடுத்த ஆட்டம் கிடையாது. பழைய புள்ளிகள் காலாவதியானதும் எண் சரிகிறது. ஆட்டக்காரர் அதே ஆட்டக்காரர்தான்.

சரிந்தவர் போகும் இடம் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் (ஐடிஎஃப்) சிறு போட்டிகள். அந்தப் படியின் பொருளாதாரம் தொலைக்காட்சியில் வருவதில்லை. அடிநிலைப் போட்டியில் மொத்தப் பரிசே 15,000 டாலர்தான். பட்டம் வெல்பவருக்குச் சுமார் 2,300 டாலர்; முதல் சுற்றில் தோற்பவருக்குச் சுமார் 150 டாலர். விமானக் கட்டணம், ஓட்டல் வாடகை, மட்டைக்கு நரம்பு கட்டும் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இந்தக் கூட்டமைப்பு 2013-ஆம் ஆண்டின் கணக்கை ஆராய்ந்தபோது, ஒரு வீராங்கனையின் ஆண்டுச் செலவு, பயிற்சியாளர் ஊதியம் நீங்கலாகவே, சராசரியாக 40,180 டாலர் என்று கண்டது. அந்த ஆண்டு பரிசுப் பணத்தால் வரவும் செலவும் சரிக்கட்டிய இடம், பெண்களில் தோராயமாக 253. அதற்குக் கீழே இருந்தவர் கைக்காசு போட்டு ஆடினார்.

மேலே உள்ள கதவும் குறுகலானது. கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் 128 இடங்கள். அவற்றில் தரவரிசையால் நேரடியாக நுழைவோர் 104 பேர். மற்ற இடங்கள் தகுதிச் சுற்றில் வென்று வரும் 16 பேருக்கும் வைல்டு கார்டு எனும் சிறப்பு அழைப்பு பெறும் 8 பேருக்கும். 2024 விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றவருக்கே 60,000 பவுண்டு கிடைத்தது. 95-ஆம் இடத்துக்கும் 125-ஆம் இடத்துக்கும் ஆட்டத்தில் உள்ள வித்தியாசம் நூலிழை. வருமானத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பயிற்சியாளரை உடன் அழைத்துச் செல்ல முடிந்தவர் மேலே நிலைக்கிறார். முடியாதவரைத் திறமையற்றவர் என்கிறோம்.

ரூஸ் மட்டும் விதிவிலக்கு அல்லர். அவருடைய நாட்டவரான ரிச்செல் ஹோகன்கம்பின் வாழ்நாள் சிறந்த தரவரிசை 94. 2016 பிப்ரவரியில் மாஸ்கோவில் நடந்த, பெண்கள் அணிகளுக்கான ஃபெட் கோப்பை ஆட்டத்தில், இரண்டு கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் வென்ற ஸ்வெட்லானா குஸ்நெட்சோவாவை அவர் 7-6, 5-7, 10-8 என வீழ்த்தினார். நான்கு மணி நேரம் நீடித்த அந்த ஆட்டம் அப்போட்டியின் வரலாற்றிலேயே மிக நீண்டது. ரஷ்யாவை அதன் மண்ணிலேயே நெதர்லாந்து வென்றதில் அந்த வெற்றி தந்த புள்ளிக்குப் பங்கு உண்டு.

ரூஸ் ஐடிஎஃப் படியில் ஆண்டுக்கணக்கில் ஆடி, இருபத்தைந்துக்கும் மேற்பட்ட ஒற்றையர் பட்டங்களைச் சேர்த்தார். 2020-இல் பலெர்மோவில் டமாரா ஸிடான்செக்குடன் சேர்ந்து டபிள்யூடிஏ இரட்டையர் பட்டம் வென்றார். 2023 ஜூலையில் ஹாம்பர்க் களிமண் தரையில் ஜெர்மனியின் நோமா நோஹா அகூகேயை 6-0, 7-6 என நேர் செட்களில் தோற்கடித்து, முதல் டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டத்தைக் கைப்பற்றினார். அப்போது அவருக்கு வயது 32. ஜூனியர் பட்டம் வென்று பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம்பிக்கையின் கணக்குப்படி அவர் பல ஆண்டுகளுக்கு முன்பே மட்டையைக் கீழே வைத்திருக்க வேண்டும். ஹாம்பர்க் வெற்றிக்குப் பிறகு அவர் தொட்ட தரவரிசை 41. கிளைஸ்டர்ஸை வென்ற இருபது வயதில் அவர் இருந்த இடத்தைவிட அது 73 படிகள் மேலே.