தேதி குறிக்கும் முன் தட்டைப் பாருங்கள்

பழனி மலையில் விளைகிற பட்டர் பீன்ஸும் அவரையும் மூட்டைகளாகி ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு சந்தைகளுக்கு இறங்குகின்றன. அதே மலைப்பாதையில் ரேஷன் அரிசி மேலே ஏறுகிறது. பேத்துப்பாறை போன்ற ஊர்களில் புரதத்தை விளைவிக்கிறவர்கள் அதை விற்றுவிட்டு மாவுச்சத்தை உண்கிறார்கள். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் மறுபடி சோறு அல்லது தோசை. குளிருக்கு இதமாகச் சர்க்கரை தூக்கலாக நான்கைந்து டீ, கூடவே பன்னோ வர்க்கியோ. பல வீடுகளில் கறி, மீன் வாசனையே கிடையாது. ஆனாலும் எடை கூடுகிறது, சுகர் வருகிறது, முழங்கால் தேய்கிறது.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய எடையோடு இருந்தார்கள். 2019-21இல் அது 40.4 விழுக்காடு ஆனது. ஆண்களில் 28.2 என்பது 37 ஆயிற்று. இந்தக் கணக்கு 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களைப் பற்றியது. அறுபதைத் தாண்டியவர்கள் இதில் இல்லவே இல்லை. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு இப்போது எட்டிப் பார்ப்பது அவர்கள் வீட்டுத் திண்ணையில்தான்.

பேத்துப்பாறையில் 64 வயதுப் பெண்மணி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உயரம் 150 சென்டிமீட்டர், எடை 85 கிலோ. பதினைந்து ஆண்டாகச் சுகர் மாத்திரை. இரவில் குறட்டை, பகலில் தூக்கம், மேட்டில் ஏறினால் மூச்சிரைப்பு. பிறந்ததிலிருந்து சைவம். கீழே நகரத்தில் வேலை பார்க்கும் மகன் மருத்துவமனைக்கு அழைத்துப்போகிறார். ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். வீடு இரண்டாகிறது. “இந்த வயசுல எதுக்கும்மா கத்தி?” என்கிறார் மகள். “சைவம் சாப்பிடுற உடம்பு இதைத் தாங்காது” என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. “சைவந்தானே, உடம்பு சுத்தமாத்தான் இருக்கு, அடுத்த வாரமே தேதி வாங்கிடலாம்” என்கிறார் மகன். மூவர் சொல்வதும் தவறு. அதிகம் கெடுதல் செய்யக்கூடியது மகன் சொல்வது.

வயதை முதலில் பார்ப்போம். இந்த அறுவை சிகிச்சை யாருக்குச் செய்யலாம் என்பதற்கு 1991இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் வகுத்த வரையறைதான் முப்பது ஆண்டுகள் உலகெங்கும் செல்லுபடியானது. 2022இல் இரண்டு பன்னாட்டு அறுவை மருத்துவர் சங்கங்கள் அதைத் திருத்தி எழுதின. வயதுக்கு உச்சவரம்பு இல்லை என்று அவை தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. பார்க்க வேண்டியது உடலின் தளர்ச்சியையும் கூட இருக்கும் நோய்களையும். ஆசிய உடல்வாகில் குறைந்த எடையிலேயே சுகரும் இதய நோயும் வருவதால், நமக்கான எடை எல்லையையும் அவை இறக்கியிருக்கின்றன. ஆகவே 64 என்ற எண்ணைக் காட்டி அந்த அம்மாவைத் திருப்பி அனுப்புவது நியாயமில்லை. தளர்ச்சி இருக்கிறதா என்று பார்க்காமல் மேசையில் படுக்க வைப்பதும் நியாயமில்லை.

ஆபரேஷன் என்ன செய்கிறது என்பதை வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கு அல்லது அதற்கும் மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழல். பைபாஸ் முறையில் (இது இதய பைபாஸ் அல்ல, பெயரைக் கேட்டுப் பயந்தவர்கள் உண்டு) இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாக்கிக் குடலோடு நேரே இணைக்கிறார்கள். எதுவானாலும் பிறகு ஒரு வேளைக்கு அரைக் கப் உணவு உள்ளே போவதே பெரிது. அந்த அரைக் கப்பில் என்ன இருக்கிறது என்பதுதான் மிச்ச வாழ்நாளைத் தீர்மானிக்கும்.

அந்த அம்மாவின் தட்டுக்கு வருவோம். இந்தச் சிகிச்சைக்குப் பின் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. மூன்று இட்லியும் சாம்பாரும் ஏழெட்டு கிராம். மதியச் சோறும் குழம்பும் பொரியலும் பத்துப் பன்னிரண்டு. டீயில் கலந்த பால், இரவுத் தோசை எல்லாவற்றையும் கூட்டினாலும் முப்பது, முப்பத்தைந்தில் நின்றுவிடும். வயிறு முழுசாக இருக்கும்போதே பாதிதான் கிடைக்கிறது. வயிறு சுருங்கிய பிறகு? உடல் தன் தசையைத் தின்னத் தொடங்கும். முப்பது வயதுக்காரர் இழந்த தசையைத் தேற்றிவிடுவார். அறுபதுக்கு மேல் அது எளிதில் திரும்பாது. தராசு முள் இறங்குவதைப் பார்த்து வீடே மகிழும்போது, குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிவதற்கான காரணம் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

தாவர உணவால் 60 கிராமை எட்ட முடியாதா? முடியும். நூறு கிராம் கொள்ளிலோ பாசிப்பயறிலோ துவரையிலோ இருபது கிராமுக்கு மேல் புரதம் உண்டு. நிலக்கடலையில் 25 அளவில். சோயாவில் 35க்கு மேல். கடையில் மீல்மேக்கர் என்று வாங்கும் சோயா உருண்டையில் ஏறக்குறைய பாதி புரதம். குறை நம் சமையல் முறையில் இருக்கிறது. ஒரு கைப்பிடிப் பருப்பை ஒரு குடும்பத்துக்கான சாம்பாரில் கரைத்துவிட்டுப் பருப்பு சாப்பிட்டோம் என்று எண்ணுகிறோம். கெட்டியாகக் கடைந்த பருப்பு, பாசிப்பயறு அடை, கொள்ளுத் துவையல், சுண்டல், மீல்மேக்கர் கூட்டு இவை முதலில் தட்டில் விழ வேண்டும். சோறு கடைசியில், கொஞ்சமாக. இந்த வரிசையை மாற்றவே பலருக்கு மாதங்கள் ஆகும். ரசத்தையும் மோரையும் ஊற்றிப் பிசைந்து விழுங்கிப் பழகிய நாம் இன்னொன்றையும் மாற்ற வேண்டும். சிகிச்சைக்குப் பின் உணவும் நீரும் சேர்ந்து போகக்கூடாது, ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். அறுபது வருடப் பழக்கத்தை ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில் யாராலும் மாற்றிக்கொள்ள முடியாது. அதை முன்கூட்டியே பழகத்தான் தயாரிப்புக் காலம். (சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் தாமாகப் புரதத்தைக் கூட்டக்கூடாது. அளவை டாக்டர் சொல்ல வேண்டும்.)

இதைவிடக் கவலை தருவது வைட்டமின் பி12. செடி கொடிகளில் அது இல்லை. பால், தயிர் சேர்க்கும் சைவர்களுக்குக் கொஞ்சம் கிடைக்கும். பாலையும் விட்டு முழுத் தாவர உணவுக்கு மாறியவர்களுக்கு மாத்திரையோ ஊசியோ செறிவூட்டிய உணவோதான் வழி. வயதானால் இரைப்பையில் அமிலம் குறைந்து, உணவிலிருந்து பி12ஐப் பிரிக்கும் வேலை தடைப்படுகிறது. சுகருக்கு ஆண்டுக்கணக்கில் எடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை இன்னும் குறைக்கிறது. நெஞ்செரிச்சலுக்கு நாமாக வாங்கி விழுங்கும் அமிலக் குறைப்பு மாத்திரையும் அதையே செய்கிறது. இத்தனைக்கும் மேல் இரைப்பையை வெட்டினாலோ ஒதுக்கினாலோ, பி12 குடலில் சேர உதவும் சுரப்பும் குறைந்துபோகிறது. நம் பேத்துப்பாறை அம்மாவுக்கு ஏறக்குறைய எல்லாக் காரணமும் பொருந்தும். கல்லீரலில் இருப்பு இருப்பதால் குறை சில காலம் வெளியே தெரியாது. தெரியும்போது கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், மறதி வரும். “வயசாச்சுல்ல” என்று வீடு சமாதானம் செய்துகொள்ளும். நரம்பு கெட்ட பிறகு ஊசி போட்டால் முழுசாகத் திரும்பும் என்ற உறுதி இல்லை. ஆபரேஷனுக்கு முன் ஓர் எளிய ரத்தப் பரிசோதனை போதும் இதைக் கண்டுபிடிக்க. இரும்புச்சத்து, வைட்டமின் டி, ஃபோலேட், தயமின் ஆகியவற்றுக்கும் இதே கவனம் தேவை.

ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு முதல் நான்கு வாரம், நாளுக்கு 800 முதல் 1,200 கலோரிக்குள் உணவைச் சுருக்கச் சொல்வது பல மருத்துவமனைகளின் வழக்கம். கொழுப்பேறி வீங்கிய கல்லீரல் இரைப்பையின் மேல் படுத்திருக்கும்; இந்த உணவால் அது சுருங்கி, வயிற்றில் இட்ட சிறு துளை வழியே வேலை செய்யும் மருத்துவருக்கு வழி விடும். தாவர உணவிலும் இதைச் செய்ய முடியும். ஆனால் சோற்றைக் குறைத்துவிட்டுச் சுகர் மாத்திரையையும் இன்சுலினையும் பழைய அளவிலேயே எடுத்தால் சுகர் அபாயமாக இறங்கிவிடும். சில புதிய சுகர் மாத்திரைகளை ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். உறவினர் எழுதிக்கொடுத்த டயட் தாளை வைத்து வீட்டில் செய்கிற காரியமல்ல இது.

சில டாக்டர்கள் குறுக்குவழி சொல்கிறார்கள்: “முட்டையாவது சாப்பிடுங்க, இல்லைன்னா கஷ்டம்.” நல்லெண்ணத்தில் சொல்வதாகவே இருக்கட்டும். ஆனால் வள்ளலார் வழி நின்று உயிர்க்கொலை தவிர்த்த குடும்பங்கள் இந்த மண்ணில் உண்டு. பழனி மலையடிவாரத்தில் விரதம் வாழ்க்கையாகவே ஆகிவிட்டவர்கள் உண்டு. அவர்களுடைய உணவுக்கு ஏற்பத் திட்டம் எழுத வேண்டியது மருத்துவமனையின் கடமை. அறுபது ஆண்டு நம்பிக்கையை விட்டுக்கொடுத்தால்தான் சிகிச்சை என்று நிபந்தனை போட்டால், நோயாளி தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் ரசம் சோறே சாப்பிடுவார். அந்தப் பொய்த் தலையாட்டலின் விலை அவருடைய தசையும் நரம்பும்.

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் சென்னைப் புறநகரில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குச் சென்று உயிரிழந்தார். அரசு விசாரணைக்குழு அமைத்தது. மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அந்த நிகழ்வின் சரி தவறைத் தீர்ப்பது நம் வேலையல்ல. தேர்ந்த கைகளில் இது பாதுகாப்பான சிகிச்சை என்பதையும் மறுக்கவில்லை. நாம் கேட்பது ஒன்று: இளைஞருக்கே இத்தனை எச்சரிக்கை வேண்டுமென்றால், அறுபதைக் கடந்தவரைக் குறைந்தது மூன்று மாதத் தயாரிப்பும் முழு ரத்தப் பரிசோதனையும் உணவியல் நிபுணரின் கையெழுத்தும் இல்லாமல் அறுவை அரங்குக்குள் கொண்டுபோக எந்த மருத்துவமனைக்கும் அனுமதி இருக்கக்கூடாது. மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997லிருந்தே தமிழ்நாட்டில் இருக்கிறது. அதன் கீழ் சுகாதாரத் துறை இதை ஆணையாகவே வெளியிட வேண்டும்.

காப்பீட்டு விதியும் மாற வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த நிபந்தனைப்படி பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையின் அளவுகோல்) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், இல்லையேல் குறைந்தது 35 இருந்து கட்டுக்குள் வராத சுகர் போன்ற கடும் நோயும் இருக்க வேண்டும். நம் அம்மாவின் பி.எம்.ஐ. ஏறக்குறைய 38. அவர் மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டுச் சுகரைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் என்ன ஆகும்? தகுதியே போய்விடக்கூடும். தயாரானவரைத் தண்டித்து, தயாராகாதவருக்குப் பணம் தரும் விதி இது. மருத்துவர் முதலில் பதிவு செய்த நாளின் நிலையைத்தான் தகுதிக்குக் கணக்கில் கொள்ள வேண்டும்.

ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. ஒரு கிலோப் பருப்பில் உள்ள புரதம் சுமார் 220 கிராம்; முப்பது நாளுக்குப் பிரித்தால் குடும்பம் முழுவதற்கும் நாளுக்கு ஏழு கிராம். முதியோர் உள்ள அட்டைகளுக்கு இன்னும் இரண்டு கிலோப் பயறோ கொள்ளோ சேர்ப்பது அரசால் முடியாத செலவல்ல. வாங்கும் பயறு இந்த மலையிலும் அடிவாரத்திலும் விளைந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. மாத்திரை கொண்டுவரும் அதே பணியாளர் எடையையும் பார்த்து, கால் மரத்துப்போகிறதா என்று கேட்டு, பி12 பரிசோதனைக்கு அனுப்ப முடியும். கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் வாரம் ஒருநாளாவது உணவியல் நிபுணர் இதற்கென்றே உட்கார வேண்டும். மூன்று மாதத் தயாரிப்புக்கும் மதுரை வரை மலையிறங்கி ஏறச் சொல்வது, தயாராகாதீர்கள் என்று சொல்வதற்குச் சமம்.

நடைப்பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை. மாலையில் அரை மணி நேரம் நடங்கள் என்று நகரத்து மருத்துவமனை எழுதிக்கொடுக்கிறது. பேத்துப்பாறை, அஞ்சுவீடு போன்ற ஊர்களில் யானை தோட்டத்துக்குள் வருகிறது. பொழுது சாயும் நேரத்தில் எந்தப் பாட்டி தனியாக நடப்பார்? அவருக்கு நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழவும், சுவரைப் பிடித்துக் குதிகால் தூக்கவும் யாராவது கற்றுத்தர வேண்டும். தசையைக் காப்பாற்ற அது உதவும், புரதமும் கூடவே போனால்.

அறுபதைத் தாண்டி இந்தச் சிகிச்சையை எண்ணிக்கொண்டிருக்கும் வாசகர்களே, உங்களை அழைத்துப்போகும் மகன்களே, மகள்களே: தேதி கேட்பதற்கு முன், என் பி12 எவ்வளவு, எனக்கு நாளுக்கு எத்தனை கிராம் புரதம், என் சைவத் தட்டில் அது எப்படி வரும் என்று அந்த மருத்துவமனையில் கேளுங்கள். பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர ஆளில்லை என்றால் தேதி வாங்காமல் வீடு திரும்புங்கள்.