நூறு வயசுப் படகைக் காற்றில் விடாதே என்கிறவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாய்மரப் படகு ஓட்டத் தெரியாது. பி.காம். படித்து, வங்கிப் பரீட்சை எழுதி, காரைக்குடிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்து, கடன் பிரிவில் ஃபைல் புரட்டிக்கொண்டிருக்கிற ஆள் நான். நீச்சல்கூட அரைகுறைதான். ஆனாலும் இந்த விஷயத்தில் கொஞ்சம் காட்டமாகவே பேச வேண்டியிருக்கிறது. ஒரு பொருளை எப்படி மதிப்புப் போடுவது என்பதுதான் இங்கே சண்டை. அது என் தொழில்.

சமாச்சாரம் இதுதான். அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவில் வருஷா வருஷம் மே மாதக் கடைசியில் பழைய மரப் பாய்மரப் படகுகளுக்கென்று ஒரு பந்தயம் நடத்துகிறார்கள். மாஸ்டர் மரினர்ஸ் ரிகாட்டா என்று பேர். என் மச்சினன் ஃப்ரீமாண்டில் இருக்கிறான். போனில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது சொன்னான்: "அத்தான், எல்லாம் பைத்தியக்காரனுங்க. நூறு வருஷத்துப் படகைக் கொண்டுபோய் அந்தப் பேய்க்காத்துல விட்டு அடிக்கிறானுங்க. அழகா மியூசியத்துல நிறுத்தி வச்சா என்ன?"

அவன் ஒருத்தன் சொன்னால் விட்டுவிடலாம். நம் ஆட்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் சொல்வார்கள். பழசு என்றால் ஒன்று காயலான் கடை, இல்லையென்றால் கண்ணாடிப் பெட்டி. கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டாமல் பீரோவில் பொத்திப் பொத்தி வைத்து, கடைசியில் மடித்த மடிப்பிலேயே கிழிந்துபோவதைப் பார்க்கிற குடும்பம்தானே நாமெல்லாம்?

நான் சொல்வது நேர் எதிர். அந்தப் படகுகள் இன்றைக்கு மிஞ்சியிருப்பதே அவற்றைக் காற்றில் விட்டு அடிப்பதால்தான். பந்தயத்தை நிறுத்துங்கள், இருபது வருஷத்தில் பாதி விறகாகிவிடும்.

முதலில் அந்தக் காற்று

கோடையில் கலிஃபோர்னியாவின் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு அடுப்பு மாதிரி காயும். அங்கே சூடான காற்று மேலே எழும்பும். வெளியே பசிபிக் கடல் சில்லென்று இருக்கும். அந்தக் குளிர்ந்த கனத்த காற்று உள்ளே புகுவதற்குக் கரையோர மலைகளுக்கு நடுவே இருக்கிற பெரிய வாசல், கோல்டன் கேட் ஜலசந்தி. குறுகின இடத்தில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் அகலம். புனலில் ஊற்றின மாதிரி காற்று அதன் வழியாகப் பாயும். மத்தியானத்துக்கு மேல் மணிக்கு 20, 25 கடல் மைல் வேகம் அங்கே சாதாரணம். கூடவே வளைகுடாத் தண்ணீர் முழுக்க வற்றும்போது அதே வாசல் வழியாக வெளியே ஓடும். காற்று உள்ளே, நீரோட்டம் வெளியே. இரண்டும் மோதுகிற இடத்தில் அலை செங்குத்தாக எழும்பும்.

2019-ல் குடும்பத்தோடு அங்கே போயிருந்தபோது கரையில் நின்று பார்த்தேன். மே மாதம் என்று நம்பி ஸ்வெட்டர் எடுக்காமல் போய்ப் பல் கிட்டிப்போனது தனிக்கதை. :-)

இந்தக் காற்றுக்கென்றே அங்கே படகு கட்டினார்கள். 1920களின் தொடக்கத்தில் வந்த 30 அடிப் படகுகள் ஒரு வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பறவையின் பெயர் என்பதால் பேர்ட் படகுகள் என்று சொல்கிறார்கள். கோல்டன் கேட் பாலம் திறந்தது 1937-ல். பாலத்துக்கே அண்ணன்மார் இவை. 1930களில் சாசலிட்டோ ஊர்ப் பட்டறையில் கட்டின 23 அடி பேர் படகுகள் இன்னொரு வகை. பேர் என்றால் கரடி. இரண்டிலும் ஒரே அளவு, ஒரே விதி. பத்துப் படகு வரிசையில் நின்றால் எல்லாம் ஒரே அச்சு. ஜெயிப்பது ஓட்டுகிறவன் கையில் இருக்கிறது.

இந்தக் காற்றுக்காகப் பிறந்த படகைப் பார்த்து 'ஐயோ, காற்றில் விடாதே' என்பது, உழவு மாட்டைப் பார்த்து 'ஐயோ, வயலில் இறக்காதே' என்கிற மாதிரி.

மரத்துக்கு எமன் யார்?

மரப் படகைக் கொல்வது கடல் தண்ணீர் என்றுதான் நினைக்கிறோம். கிடையாது. மழைத் தண்ணீர். மரத்தை உளுக்க வைக்கிற பூஞ்சைக்கு நல்ல தண்ணீரும் அடைந்த காற்றும் வேண்டும். உப்பு அதற்கு ஆகாது. அந்தக் காலத்தில் மரக்கப்பல் கட்டும்போது விலாச் சட்டங்களுக்கு நடுவே கல்லுப்பைக் கொட்டி வைக்கிற வழக்கமே இருந்தது.

மாதக்கணக்கில் கட்டிப்போட்ட படகில் மேல்தளத்து விரிசல் வழியாக மழை இறங்கும். மூலையில் தேங்கும். யாரும் பார்க்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஓடுகிற படகில் அது நடக்காது. உள்ளே ஒரு குடம் தண்ணீர் கூடியிருந்தாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். எங்கே ஒழுகுகிறது என்று தேடுவான். பலகை இடுக்கில் திரியை அடித்து அடைப்பான். நம் கடற்கரையில் கலப்பத்து என்று சொல்கிறோமே, அதேதான்.

சரி, தண்ணீரே வேண்டாம், தரையில் ஏற்றிக் கொட்டகைக்குள் வைக்கலாமே என்பீர்கள். மரம் காய்ந்தால் சுருங்கும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விடும். பார்க்க அழகாக இருக்கும், மிதக்காது. மிதக்காத ஒன்றைப் படகு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று படகுகளின் கதையைப் பாருங்கள்.

ஒன்று, வவோனா. 1897-ல் கலிஃபோர்னியாவில் கட்டின பாய்மரச் சரக்குக் கப்பல். 1970-ல் அமெரிக்க அரசின் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் ஏறியது. பெரிய கௌரவம். சியாட்டில் கரையில் கட்டி வைத்தார்கள். வருஷக்கணக்கில் நிதி திரட்டினார்கள், திட்டம் போட்டார்கள். அதற்குள் மழை தன் வேலையை முடித்துவிட்டது. 2009-ல் பிரித்துப் போட்டார்கள். கையில் சான்றிதழ் இருந்தது, கப்பல் இல்லை.

இரண்டு, ஆல்மா. 1891-ல் சான் ஃபிரான்சிஸ்கோவிலேயே கட்டினது. தட்டையான அடி, வைக்கோலும் மரமும் ஏற்றி இறக்கின படகு. அந்தக் காலத்து லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது தேசிய கடல்சார் வரலாற்றுப் பூங்காவின் சொத்து. அதாவது மியூசியத்தின் சொத்து! அந்த மியூசியம் என்ன செய்தது? பாயைக் கட்டிப் பொதுமக்களை ஏற்றிக்கொண்டு ஓட்டியது. நான் சொன்ன அதே மாஸ்டர் மரினர்ஸ் பந்தயத்திலும் பல வருஷம் இறக்கிவிட்டது. மியூசியத்துக்காரனுக்கே தெரிந்தது நமக்குத் தெரியவில்லை.

மூன்று, ஃப்ரீடா. 1885-ல் அதே வளைகுடாவில் பெல்வடீரில் கட்டின படகு. 2004-ல் மூழ்கியது. எந்தப் புயலில், எந்தப் பந்தயத்தில் என்று கேட்காதீர்கள். கட்டிப்போட்ட இடத்திலேயே மூழ்கியது! சாசலிட்டோவின் மரப்படகுப் பட்டறையில் வருஷக்கணக்கில் உழைத்து, 2014-ல் மறுபடி தண்ணீரில் இறக்கினார்கள். அப்படி இறக்க முடிந்ததற்குக் காரணம், மரப்படகு கட்டத் தெரிந்த கைகள் அந்த ஊரில் அப்போதும் மிஞ்சியிருந்தன. ஏன் மிஞ்சின? இதற்குத்தான் வருகிறேன்.

வங்கிக்காரன் கணக்கு

நூறு வருஷப் படகுக்குக் கணக்குப் புத்தகத்தில் மதிப்பு என்ன? தேய்மானம் போட்டுப் போட்டு எப்போதோ பூஜ்யம். நான் அடமானமாக வாங்குவேனா? மாட்டேன். அடமானத்தில் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி 'எவ்வளவு பெறும்' என்பது இல்லை. 'நாளைக்கு விற்றால் வாங்க ஆள் இருக்கிறதா' என்பதுதான்.

பந்தயம் அந்த ஆளை உண்டாக்குகிறது. ஞாயிற்றுக்கிழமை எட்டுப் படகு ஒரே விதியில் ஓடுகிறது என்றால், ஒன்பதாவது படகுக்கு ஒரு வாங்குபவன் உண்டு. வாங்கினவன் தச்சனைக் கூப்பிடுவான், பாய் தைப்பவனைக் கூப்பிடுவான். தச்சனுக்கு வருஷம் பூராவும் வேலை இருந்தால்தான் அவனிடம் ஒரு பையன் தொழில் கற்றுக்கொள்வான். இந்தச் சங்கிலி அறுந்தால், பிறகு எவ்வளவு கோடி நன்கொடை கொடுத்தாலும் பலகையை வளைக்கத் தெரிந்த ஆள் கிடைக்க மாட்டான்.

ஃபோக்போட் என்று ஒரு படகு. 1940களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் பிறந்தது. அந்த வளைகுடாவிலும் இன்றுவரை பந்தயம் ஓடுகிறது. 1970களில் ஃபைபர் கண்ணாடிப் படகு வந்து மரப் படகுகளை விழுங்க வந்தபோது அந்தச் சங்கத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? ஃபைபரில் கட்டிக்கொள், ஆனால் மரப் படகின் அதே உருவம், அதே எடை என்று விதி போட்டார்கள். பழைய மரப் படகுக்காரன் ஒரே நாளில் தோற்றுப்போகவில்லை. பழையதை வாழ வைத்து, புதியதையும் உள்ளே விட்ட விதி. எங்கள் வங்கியில் வருகிற சுற்றறிக்கைகளில் இவ்வளவு புத்தி நான் பார்த்ததில்லை.

எதிர்ப்பேச்சுகள்

"ஆபத்து இல்லையா?" இருக்கிறது. மறைக்க மாட்டேன். 1883-ல் கட்டின எல்பே 5 என்ற படகு, பல வருஷம் இதே வளைகுடாவில் இருந்துவிட்டு 2002-ல் சொந்த ஊரான ஹாம்பர்க்குக்குத் திரும்பியது. பெரிய பழுதுபார்ப்பு முடிந்த கையோடு 2019-ல் ஒரு கன்டெய்னர் கப்பலோடு மோதி மூழ்கியது. அது பந்தயமில்லை, உல்லாசப் பயணம். ஆனாலும் ஓடினதால்தான் மோதியது என்பது உண்மை. தூக்கி எடுத்துச் சரிசெய்தார்கள். ஓடுகிற படகுக்கு விபத்து வரலாம். கட்டிப்போட்ட படகுக்கு உளுப்பு வந்தே தீரும். எனக்கு முதலாவது தேவலை. மனிதர்களைப் பொறுத்தவரை, ஃபோக்போட்டின் எடை சுமார் 1,930 கிலோ, அதில் பாதிக்கு மேல் அடியில் இருக்கிற இரும்பு. சாய்ந்தால் நிமிர்த்திவிடும். காற்று மிஞ்சினால் பாயைக் குறைப்பார்கள்.

"பணக்காரன் பொழுதுபோக்குதானே?" மாஸ்டர் மரினர்ஸ் பந்தயம் 1867-ல் தொடங்கியபோது ஓடினவை சரக்குப் படகுகள். ஓட்டினவர்கள் கூலிக்குச் சரக்கு ஏற்றின மாலுமிகள். செத்துப்போன மாலுமிகளின் மனைவி மக்களுக்குப் பணம் திரட்டத்தான் அதை நடத்தினார்கள். நடுவில் நின்றுபோய், 1965-ல் பழைய படகுப் பிரியர்கள் மறுபடி ஆரம்பித்தார்கள். இன்றைக்கு மரப்படகு வைத்திருக்கக் காசு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காசு பெரும்பாலும் தச்சன் கூலியாகப் போகிறது. ஷோரூமில் கார் வாங்கி வருஷத்துக்கு வருஷம் மதிப்பைத் தொலைக்கிற நாம் அதை வெட்டிச் செலவு என்று சொல்லலாமா?

"மியூசியத்தில் வைத்துப் பிழைத்த கப்பலே இல்லையா?" உண்டு. நம் மும்பையிலேயே வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டி 1817-ல் இறக்கின டிரிங்கோமலி, இன்றைக்கும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. ஆனால் அது 1986 வரை பயிற்சிக் கப்பலாக வேலை பார்த்தது. மியூசியம் ஆனது அதற்கு அப்புறம்தான்.

நம் பக்கம்

இதை ஏன் தமிழில் எழுதுகிறேன்? எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் தொண்டி. பாக் ஜலசந்தி. அந்தக் கரை ஊர்களில் திருவிழாவை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடத்துகிறார்கள். மீன் பிடிக்கிற ஜனங்கள், சொந்தப் படகு, சொந்தப் பாய். எந்தக் கிளப்பும் கிடையாது. 1867-ல் அந்த மாலுமிகள் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரை நெடுக ஃபைபர் படகு நிறைந்துவிட்டது. மீனவன் அதை வாங்கினதில் தப்பே இல்லை, அவனுக்கு வயிறு முக்கியம். மர வள்ளத்துக்கும் பாய்க்கும் இனி வேலை கொடுக்கப்போவது அந்தப் போட்டிதான்.

நாம் என்ன செய்கிறோம்? சங்க ஆண்டு விழாவுக்கு மேடை அலங்காரத்துக்கே பல ஆயிரம் செலவழிக்கிறோம். பொங்கல் மலரின் அட்டையில் பாய்மரப் படகு படம் போடுகிறோம். அந்தக் காசில் ஒரு பங்கை அந்த ஊர்ப் போட்டிக்குப் பரிசாக அனுப்பலாம். ஒரே நிபந்தனை: மரப் படகுக்குத் தனிப் பிரிவு, அதற்குத் தனிப் பரிசு. ஜெயித்த படகைக் கட்டின தச்சருக்கும் ஒரு பரிசு. எத்தனை கவிதைப் போட்டிக்குப் பரிசு கொடுத்திருக்கிறோம்!

எங்கள் சங்கத்தில் அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். 'மியூசியம் ஒன்று கட்டலாமே' என்று யாராவது எழுந்தால் வவோனா கதையை முழுக்கச் சொல்வேன். பூனா, பெங்களூர், தில்லிச் சங்கத்துக்காரர்கள் யாராவது சேர்ந்துகொள்வீர்களா?

பி.கு.: மே கடைசியில் பே ஏரியாப் பக்கம் போகிறவர்கள், பாலத்தோடு நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஒரு மத்தியானம் கரையில் நின்று பாருங்கள். ஸ்வெட்டர் முக்கியம்.