எங்கே இருக்கேன்னு எல்லாருக்கும் சொல்லணுமா?



எல்லா கேங்லயும் இந்த ரெண்டு கேரக்டர் கண்டிப்பா இருக்கும். முதல் ஆள், எந்த ஆப் எதைக் கேட்டாலும் படிக்காமலே 'அலோ' அமுக்குற தர்மப் பிரபு. ரெண்டாவது, 'என்னை எவனும் ட்ராக் பண்ண முடியாது'ன்னு லொக்கேஷனை நிரந்தரமா ஆஃப் பண்ணி வெச்சிருக்கிற உஷார் பார்ட்டி. கொட்டுற மழையில நின்னுக்கிட்டு டாக்ஸி டிரைவர்கிட்ட, "அண்ணே, லெஃப்ட்ல ஒரு டீக்கடை வரும்... அதுக்கு எதிர்ல ஒரு வேப்பமரம்..."னு கத்திக்கிட்டு இருப்பார்!

ரெண்டு பேர்ல யார் புத்திசாலி? ரெண்டு பேருமே இல்லைங்கிறதுதான் இந்த வார மேட்டர்.

முதல்ல ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்குவோம். 'ஜி.பி.எஸ். சாட்டிலைட் மேலேருந்து நம்மளைப் பார்த்துக்கிட்டே இருக்கு'ன்னு பலர் நினைக்கிறாங்க. கிடையாது பாஸ்! சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற அந்த சாட்டிலைட்களுக்கு உங்க போன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. ரேடியோ ஸ்டேஷன் மாதிரி, அதுபாட்டுக்கு சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கும். சிக்னல் வந்துசேர எவ்வளவு நேரமாச்சுன்னு கணக்குப் போட்டு, 'நாம இங்கே இருக்கோம்'னு கண்டுபிடிக்கிறது உங்க போன்தான். அதுவரைக்கும் ரகசியம் உங்க பாக்கெட்லயே பத்திரம். அதை எடுத்து ஒரு ஆப் தன்னோட சர்வருக்கு அனுப்புறப்பதான் ஆட்டமே ஆரம்பிக்குது.

ஒரு சாம்பிள். 'பிரைட்டஸ்ட் ஃப்ளாஷ்லைட்'னு ஒரு ஆண்ட்ராய்டு டார்ச் ஆப். பல கோடி முறை டவுன்லோடு ஆச்சு. இருட்டுல வெளிச்சம் காட்டுறதுதான் அதோட ஒரே வேலை. ஆனா, யூஸ் பண்றவங்களோட லொக்கேஷனை அது விளம்பரக் கம்பெனிகளுக்கு அனுப்பிக்கிட்டு இருந்ததுன்னு 2013 டிசம்பர்ல அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. டார்ச்சுக்கு எதுக்கு பாஸ் அட்ரஸ்?

'என் பேரை எடுத்துட்டுத்தானே அனுப்புறாங்க'ன்னு கேட்பீங்க. அதுக்கும் ஒரு கதை இருக்கு. ஓட்டம், சைக்கிள் பயிற்சியைப் பதிவு பண்ற 'ஸ்ட்ராவா' ஆப், உலகம் முழுக்க ஜனங்க ஓடின பாதைகளை ஒரே மேப்ல பளபளன்னு போட்டு 2017 நவம்பர்ல வெளியிட்டது. அதுல யார் பேரும் கிடையாது. 2018 ஜனவரியில நேதன் ரூசர்னு ஒரு ஆஸ்திரேலியக் காலேஜ் ஸ்டூடன்ட் அந்த மேப்பை நோண்டினார். வயசு 20. உங்க செட்தான்! சிரியா, ஆப்கானிஸ்தான் பக்கம் ஒண்ணுமே இல்லாத இருட்டுக்கு நடுவுல திடீர் திடீர்னு வெளிச்சக் கோடுகள். என்னன்னு பார்த்தா... ராணுவ முகாம்கள்! வீரர்கள் காலையில ஜாகிங் போன பாதை, முகாமோட வரைபடத்தையே ஊருக்குப் போட்டுக் கொடுத்துடுச்சு.

அது கூட்டமா போட்ட பாதை. தனி ஆளோட கதை இன்னும் மோசம். 15 லட்சம் பேரோட 15 மாச செல்போன் பதிவுகளை வெச்சு 2013-ல ஒரு ஆய்வு வந்தது. ஒருத்தர் எந்த நேரத்துல எங்கே இருந்தார்னு வெறும் நாலே புள்ளி தெரிஞ்சா போதும், 95 சதவிகிதம் பேரைத் தனியா பிரிச்சு எடுத்துடலாம்னு அதுல தெரிஞ்சது. யோசிச்சுப் பாருங்க... உங்க ஹாஸ்டல்ல தூங்கி, உங்க டிபார்ட்மென்ட்டுக்குப் போய், லீவுல உங்க சொந்த ஊருக்கே பஸ் ஏறுற ஆள் உங்களைத் தவிர வேற யாரு? தினமும் நாம நடக்கிற பாதையே நம்ம கையெழுத்துதான்.

அப்போ மொத்தமா ஆஃப் பண்ணிடலாமா? வேண்டாம். ராத்திரி பஸ்ல தனியா ஊருக்குப் போறப்போ அம்மாவுக்கு அனுப்புற லைவ் லொக்கேஷன், ஒரு தைரியம். அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அதனால, 'அலோ' அமுக்குறதுக்கு முன்னாடி மூணே மூணு கேள்வி கேளுங்க.

எதுக்கு? மேப்புக்கும் டாக்ஸிக்கும் லொக்கேஷன் தேவை. போட்டோவுக்கு மீசை வரைஞ்சு விளையாடுற ஆப்புக்கு எதுக்கு?

எவ்வளவு துல்லியமா? மழை வருமான்னு சொல்ல உங்க ஏரியா தெரிஞ்சா போதும், ரூம் நம்பர் வேண்டாம். 2020-ல வந்த ஐ.ஓ.எஸ். 14-லேருந்தும், 2021-ல வந்த ஆண்ட்ராய்டு 12-லேருந்தும் 'தோராயமா மட்டும் சொல்லு'ங்கிற வசதி இருக்கு. ஆண்ட்ராய்டுல அது சுமார் 3 சதுர கிலோமீட்டர். அந்தப் பரப்புல உங்களைத் தேடட்டும் பார்க்கலாம்!

எவ்வளவு நேரம்? 'யூஸ் பண்றப்ப மட்டும்', 'இந்த ஒரு தடவை மட்டும்'னு ஆப்ஷன் இருக்கிறப்ப, 'எப்பவும்'னு கொடுக்காதீங்க. வாட்ஸ்அப் லைவ் லொக்கேஷன்ல 15 நிமிஷம், 1 மணி நேரம், 8 மணி நேரம்னு கெடு இருக்கே... நல்ல டிசைன்னா அதுதான். வீடு வந்து சேர்ந்தா வேலை முடிஞ்சது.

இதே மூணு கேள்வி மனுஷங்களுக்கும் பொருந்தும். 'உண்மையா லவ் பண்றேன்னா 24 மணி நேரமும் லொக்கேஷனை ஆன்ல வை'ன்னு யாராவது கேட்டா, கொஞ்சம் நிதானிங்க. அம்மாவுக்கு நீங்களா அனுப்புறது பாதுகாப்பு. மறுத்தா சண்டை வரும்னு பயந்து அனுப்புறது காவல். நம்பிக்கை இருக்கிற இடத்துல ஜி.பி.எஸ்.ஸுக்கு என்ன வேலை? பிரேக்-அப் ஆனவங்களும் ஒருமுறை செட்டிங்ஸைப் பார்த்துடுங்க. மனசுலேருந்து போனவங்க மேப்ல இன்னும் உட்கார்ந்திருக்கலாம்!

கடைசியா, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்னு ஆப் பண்ணிக்கிட்டு இருக்கிற கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்கு. ஆப்பைத் திறந்ததுமே லொக்கேஷன் கேட்காதீங்க. யூஸர் 'பக்கத்துல எது இருக்கு'ன்னு தேடுற நிமிஷத்துல, காரணம் சொல்லிக் கேளுங்க. அவர் மறுத்தா ஊர் பேரை டைப் பண்ண ஒரு கட்டம் வைங்க. 'முடியாது'ன்னு சொன்னவருக்கும் வேலை செய்யணும் பாஸ், அதுதான் நல்ல ஆப்!

சரி, இந்த வார ஹோம்வொர்க். இன்னிக்கு ராத்திரி செட்டிங்ஸ்ல போய், லொக்கேஷன் அனுமதி வாங்கின ஆப்களோட லிஸ்ட்டைத் திறந்து பாருங்க. 'இவன் எப்படா உள்ளே வந்தான்?'னு கேட்க வைக்கிற ஒருத்தனாவது அதுல இருப்பான். வாசல் வரைக்கும் போய் மரியாதையா வழியனுப்பி வெச்சுடுங்க.

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!