நூற்று நாற்பது கோடி என்று ஆரம்பிக்காதீர்கள்

அக்டோபர் 14 ராத்திரி. கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் கடைசி விசில் ஊதி ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, கைபேசியில் முதல் செய்தி வந்து விழுந்தது. 'நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள நாட்டில் பந்து உதைக்கப் பதினோரு பேர் கிடைக்கவில்லையா?' அனுப்பியவர் அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய ஆட்டத்தையும் பார்த்திருக்க மாட்டார். சாங்டே யார் என்று கேட்டால் சீன உணவு என்பார். ஆனால் தீர்ப்பு மட்டும் தயாராக இருந்தது.

சிங்கப்பூரிடம் 1-2. பதினான்காவது நிமிடத்தில் சாங்டே அடித்தபோது நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இடைவேளைக்குச் சற்று முன் சோங் உய்-யங் சமன் செய்தார். 58ஆவது நிமிடத்தில் அவரே இரண்டாவதையும் போட்டார். அப்புறம் அரை மணி நேரம் நம் ஆட்கள் பந்தை வைத்துக்கொண்டு எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் அலைந்தார்கள். 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று நமக்கு அதோடு முடிந்தது. ஆசியக் கோப்பையில் மொத்தம் 24 அணிகள். ஆசியாவில் பாதி நாடுகள் போகிற விருந்து. நம் குழுவில் முதல் தர வரிசையில் வைக்கப்பட்ட அணி நாம்தான். மற்றவர்கள் ஹாங்காங், சிங்கப்பூர், பங்களாதேஷ். அதுவரை ஆடியது நான்கு ஆட்டம், அடித்தது இரண்டு கோல், எடுத்தது இரண்டு புள்ளி.

அதற்கு முந்தைய ஆசியக் கோப்பை 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்தது. அதில் ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. ஒரு கோல்கூட இல்லை. அன்றைக்கும் இதே நூற்று நாற்பது கோடிதான் வந்தது. இனிமேல் யாராவது என்னிடம் அப்படி ஆரம்பித்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஏன் என்பதை ஒரே தடவை விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

*

நாம் ஃபதோர்டாவில் தோற்பதற்கு முந்தைய நாள், அக்டோபர் 13 அன்று, கேப் வெர்டே எஸ்வாட்டினியை 3-0 என்று வென்று முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அட்லாண்டிக் கடலில் கிடக்கும் பத்துத் தீவுகள். சுமார் ஐந்து லட்சம் பேர். நவம்பர் 18 அன்று டாக்காவில் நாம் பங்களாதேஷிடம் 0-1 என்று தோற்றோம். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர்களிடம் முதல் தோல்வி. அதே தேதியில் கிங்ஸ்டனில் ஜமைக்காவோடு 0-0 என்று சமன் செய்து குராசாவ் உலகக் கோப்பைக்குப் போனது. சுமார் ஒன்றரை லட்சம் பேர். உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற நாடுகளிலேயே மிகச் சிறியது. நம் ஊர்ப்பக்கம் ஒரு நடுத்தர நகராட்சியின் அளவு.

இதில் எனக்கு வலிக்கிற இடம் வேறு. 2019 ஜூனில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் இதே குராசாவோடு நாம் ஆடினோம். 1-3 என்று தோற்றோம். அப்படியொன்றும் எட்டாத தூரமில்லை. ஆறரை ஆண்டில் அவர்கள் உலகக் கோப்பைக்குப் போய்விட்டார்கள். 2023 ஜூலையில் ஃபிஃபா தரவரிசையில் 99ஆம் இடத்தில் இருந்த நாம் 2025 நவம்பரில் 142.

'அவங்க டீம்ல பாதிப் பேர் ஹாலந்துல பிறந்தவங்கதானே?' என்று உடனே மறித்துக் கேட்பார்கள். உண்மைதான். கேப் வெர்டேயும் போர்ச்சுகல், ஹாலந்து, பிரான்ஸ் என்று பரவிய தன் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்த அணிதான். அன்று நமக்கு இரண்டு கோல் அடித்தவரும் கொரியாவில் பிறந்து சிங்கப்பூருக்கு ஆட வந்து குடியுரிமை வாங்கியவர். ஆனால் அந்தப் பதிலை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அது என்னுடைய கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது. ஹாலந்தில் பிறந்த பையன் நன்றாக ஆடுவது ரத்தத்தால் இல்லை. ஏழு வயதிலிருந்து வாராவாரம் ஒரு லீக் ஆட்டம் அவனுக்கு இருந்தது. நடுவர் இருந்தார், எதிரணி இருந்தது, தோற்றால் அடுத்த சனிக்கிழமை திருத்திக்கொள்ள இன்னொரு ஆட்டம் இருந்தது. மக்கள்தொகை கால்பந்து ஆடுவதில்லை அய்யா. ஆட்டம் கிடைக்கிற பிள்ளைகள்தான் ஆடுகிறார்கள். நூற்று நாற்பது கோடியில் அப்படி ஆட்டம் கிடைக்கிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

*

என் அக்கா மகனுக்குப் பதினாறு வயது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை, தூத்தூர்ப் பக்கம். அப்பா தங்கல் தொழிலுக்குப் போகிறவர், கரையில் இருப்பதைவிடக் கடலில் இருப்பதுதான் அதிகம். அங்கே பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே மணலில் பந்து உருட்டுவார்கள். கோவில் திருவிழா என்றால் டோர்னமென்ட் இல்லாமல் கொடி இறங்காது. இரயுமன்துறைக்காரர் மைக்கேல் சூசைராஜ் 2019இல் இந்திய அணிக்கு ஆடியபோது அந்தக் கடற்கரை முழுக்க ஒரே பேச்சு. 2020 ஐ.எஸ்.எல்லில் முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்கால் காயத்தோடு வெளியே போனபோது எங்கள் வீட்டில் அன்று இரவு யாருக்கும் சோறு இறங்கவில்லை.

என் மருமகன் இடது விங்கில் ஆடுகிறான். நான் மாமன், பெருமையாகச் சொல்லத்தான் செய்வேன். ஆனால் அவனைப் பார்த்த கோச்சுகளும் அதையேதான் சொன்னார்கள். போன தடவை ஊருக்குப் போனபோது அவனை உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். கடந்த ஒரு வருஷத்தில் முழு நேரம், நடுவர் வைத்து, பதினோரு பேர் இறங்கி ஆடிய ஆட்டம் எத்தனை? விரல் விட்டு எண்ணினான். பள்ளிக்கூட அளவில் நான்கு. திருவிழா டோர்னமென்ட்டில் ஆறு, அதுவும் நாக்அவுட். முதல் ஆட்டத்தில் தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஆக மொத்தம் பத்து. ஐரோப்பாவில் ஒரு நல்ல அகாடமியில் இருக்கும் பதினாறு வயதுப் பையன் ஒரு பருவத்தில் முப்பது ஆட்டமாவது ஆடுவான். பத்து வயதிலிருந்து கணக்குப் போட்டால் என் மருமகனுக்கும் அவனுக்கும் நடுவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் இடைவெளி. இதைத்தான் பிறகு தொலைக்காட்சியில் 'கடைசி மூன்றில் ஒரு பகுதியில் தெளிவு இல்லை' என்று விளக்குகிறார்கள். தெளிவு எங்கிருந்து வரும்? கடையிலா விற்கிறது?

*

இன்னொரு கூட்டம் பழைய பெருமையைத் தூக்கிக்கொண்டு வரும். 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டில் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நெவில் டிசூசாவின் ஹாட்ரிக். ஜகார்த்தாவில் தலையில் தையலோடு இறங்கி ஜர்னைல் சிங் கொரியாவுக்கு எதிராக அடித்த கோல். இதெல்லாம் உண்மை, எனக்கும் சிலிர்க்கும். கூடவே ஒரு பொய்யும் வரும்: செருப்பில்லாமல் ஆட விடாததால் 1950 உலகக் கோப்பைக்குப் போகவில்லையாம். அன்றைய நிர்வாகத்துக்கு ஒலிம்பிக்தான் பெரிதாகத் தெரிந்தது, உலகக் கோப்பையின் மதிப்புத் தெரியவில்லை. வெறுங்கால் கதை பிறகு கட்டிய சமாதானம். எழுபத்தைந்து வருஷமாக அந்தச் சமாதானத்தை ருசித்துச் சாப்பிடுகிறோம்.

அந்தப் பொற்காலத்தைக் கட்டிய பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் 1963இல் புற்றுநோயால் இறந்தார். 1970 பாங்காக்கில் வெண்கலம். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் ஆண்கள் கால்பந்தில் ஒரு பதக்கம் இல்லை. ஒரு மனிதர் போனதும் சரிந்தது என்றால் அங்கே அமைப்பு என்று ஒன்று இருக்கவேயில்லை என்று அர்த்தம். பழைய பெருமை பேசுகிறவர்கள் அந்தப் பாடத்தை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள்.

'கிரிக்கெட் கால்பந்தைக் கொன்றுவிட்டது' என்பது அடுத்தது. கேட்கக் கேட்கச் சிரிப்பு வருகிறது. டாக்காவில் நம்மைத் தோற்கடித்த பங்களாதேஷ் என்ன, கிரிக்கெட் தெரியாத நாடா? சாங்டேயைத் தந்த மிஜோரமில், அணிக்கு வருஷா வருஷம் ஆள் அனுப்பும் மணிப்பூரில் கால்பந்தை யார் கொன்றார்கள்? கிரிக்கெட்காரர்கள் வந்து மாவட்ட லீக்கைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோகவில்லை. அவர்கள் தங்கள் வீட்டை நடத்தினார்கள். நாம் நம் வீட்டை நடத்தவில்லை.

கோச்சைத் திட்டுவது எல்லாவற்றையும்விடச் சுலபம். 2019 ஆசியக் கோப்பையில் பஹ்ரைனின் கடைசி நேரப் பெனால்ட்டியில் வெளியேறிய அன்றே கான்ஸ்டன்டைன் விலகினார். ஸ்டிமாச் வந்தார், 2024இல் நீக்கப்பட்டார். மனோலோ மார்க்கேஸ் வந்தார். கோவா கிளப்பையும் நாட்டையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டார், போனார். அடுத்து காலித் ஜமீல். நாலு பேரும் நாலு விதமான ஆட்டம் ஆடச் சொன்னார்கள். நாலு பேருக்கும் கிடைக்காத ஒன்று கோல் அடிக்கிற ஆள். 2014இல் ஐ.எஸ்.எல் தொடங்கியதிலிருந்து முன்களத்தின் நடுவில் பெரும்பாலும் வெளிநாட்டவரையே நிறுத்திவிட்டு, தேசிய அணிக்கு மட்டும் உள்ளூர் ஸ்ட்ரைக்கர் எங்கே என்று தேடுகிறோம். 2024இல் ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில் திரும்ப அழைத்து, 41 வயதில் ஆட வைத்தோம். அவருக்கு அது பெருமை. நமக்கு வெட்கம்.

2017இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இங்கேயே நடத்தினோமே, நினைவிருக்கிறதா? டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டிய கோலுக்கு நாடே எழுந்து நின்றது. அந்தப் பையன்கள் தொடர்ந்து ஆட வேண்டும் என்றுதான் இந்தியன் ஆரோஸ் அணியை வைத்திருந்தார்கள். 2022இல் அதையும் கலைத்தார்கள். இதே காலத்தில் உஸ்பெகிஸ்தான் என்ன செய்தது? 2023இல் இருபது வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை, 2025இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை, அதே 2025 ஜூனில் பெரியவர்கள் உலகக் கோப்பைக்குத் தகுதி. தமிழ்நாட்டில் பாதி மக்கள்தொகை. மாயமில்லை, மந்திரமில்லை. பிள்ளைகளை ஆட வைத்தார்கள்.

நாமோ 2025இல் இருந்த லீக்கையும் நிறுத்தி வைத்தோம். ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது என்று ஜூலையிலேயே ஐ.எஸ்.எல்லைக் கிடப்பில் போட்டார்கள். புதிய உரிமைக்கு ஏலம் விட்டார்கள், ஒருவரும் கேட்க வரவில்லை. மாதக்கணக்கில் பந்து உருளவில்லை. இந்த லட்சணத்தில் வீரர்களைப் பார்த்து 'ஃபிட்னஸ் இல்லை' என்று பேசுகிற வாயை என்னவென்று சொல்வது!

*

திட்டுவது திட்டுகிறேன், என்னையும் சேர்த்தே திட்டிக்கொள்கிறேன். 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோட்டுப் பக்கம் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் நின்ற கட்அவுட்களை உலகமே பார்த்தது. எங்கள் கடற்கரையிலும் வீட்டுக்கு வீடு அர்ஜென்டினா, பிரேசில் கொடி. அந்தக் கொடிக்கு நானும் காசு போட்டவன்தான். விடியவிடிய விழித்து மெஸ்ஸிக்காக அழுதவன்தான். ஆனால் மாவட்ட லீக் கடைசியாக எப்போது நடந்தது என்று ஒருநாளும் போய்க் கேட்டதில்லை. நம் அணியைத் தோற்ற மறுநாள் மட்டும் நினைக்கிறவன் ரசிகன் இல்லை, துஷ்டிக்கு வந்தவன். அதில் என் பங்கும் இருக்கிறது.

2025இல் ஒரு நல்லதும் நடந்தது. ஜூலை 5 அன்று சியாங் மாயில், தரவரிசையில் தங்களைவிட மேலே இருந்த தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று நம் பெண்கள் அணி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்துப் போவது இதுதான் முதல் தடவை. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். அன்று என் கைபேசியில் நூற்று நாற்பது கோடி என்று ஒருத்தரும் அனுப்பவில்லை. ஜெயித்தால் அந்த எண் எங்கேயோ போய் ஒளிந்துகொள்கிறது.

டாக்கா ஆட்டம் முடிந்த ராத்திரி மருமகன் போன் பண்ணினான். தோல்வியைப் பற்றித்தான் பேசப்போகிறான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு.

'மாமா, ஒரு அகாடமில ட்ரையல்ஸுக்குக் கூப்பிட்டிருக்காங்க. ஆனா லீக்கே நடக்கலன்னு சொல்றாங்க. அப்பா ஐ.டி.ஐ.ல சேரச் சொல்லுதாரு. நான் என்ன செய்யட்டும்?'

கடலில் கிடக்கும் மனுஷன் தன் பிள்ளை கரையில் பிழைக்க வேண்டும் என்று நினைப்பதில் ஒரு தப்பும் இல்லை. 'போ மக்கா, ஆடு' என்று சொல்ல வாய் வந்தது. வந்த வாயை அடக்கிக்கொண்டேன். அவன் ஆடுவதற்கு ஆட்டம் இருக்கிறது என்று எந்த நம்பிக்கையில் சொல்வேன்? 'ஃபார்ம் வாங்கி வை, ட்ரையல்ஸுக்கும் போயிட்டு வா' என்று இரண்டுங்கெட்டானாக ஒரு பதில் சொல்லிவிட்டு வைத்தேன். அன்று தூக்கம் வரவில்லை.

ஆகவே அடுத்த தோல்விக்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள். நூற்று நாற்பது கோடியை விடுங்கள். உங்கள் மாவட்டத்தில் பதினாறு வயதுப் பையனுக்கு, பெண்ணுக்கு, இந்த வருஷம் எத்தனை ஆட்டம் கிடைத்தது என்று போய்க் கேளுங்கள். கேட்டுவிட்டு வந்து திட்டுங்கள். நானும் கூட நின்று திட்டுகிறேன்.