ஒட்டகக் காய்ச்சலும் எமது சகோதரிகளும்



வேலணையில் ஒட்டகம் இல்லை. எமது வளவுகளில் ஆடும் மாடும் உண்டு. நெடுந்தீவுக்குப் போனால் குதிரைகளைக் காணலாம். அப்படியிருக்க இம்மாதம் ஒட்டகத்தைப் பற்றி எழுதுவதற்குக் காரணம், மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு தாய் கேட்ட கேள்விதான். "பிள்ளை, என்ர மகள் சவூதியில வீட்டுவேலைக்கு நிக்கிறாள். அங்க ஒட்டகத்தால ஒரு வருத்தம் வருதாம். மெய்யோ?"

யுத்தத்தில் கணவரை இழந்து, குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர் வளைகுடா நாடுகளுக்குப் போயிருக்கிறார்கள். இன்னும் சிலர் முகவரிடம் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஆகவே இது ஒரு தாயின் கேள்வி மட்டுமல்ல.

மெய்தான். அந்த வருத்தத்தின் பெயர் மேர்ஸ். 2012ஆம் ஆண்டு சவூதியின் ஜித்தா நகரில், கடும் நுரையீரல் அழற்சியால் இறந்த 60 வயது மனிதரின் சளியைச் சோதித்த எகிப்திய வைரசு நிபுணர் அலி முகமட் சாக்கி, அதுவரை அறியப்படாத ஒரு கொரோனா வைரசைக் கண்டுபிடித்தார். 2020இல் எம்மை வீட்டுக்குள் பூட்டிவைத்த கொரோனாவும் இதுவும் ஒரே குடும்பம். ஆனால் வெவ்வேறு வைரசுகள்.

இது எங்கிருந்து மனிதருக்கு வந்தது என்று அறிஞர்கள் தேடினார்கள். ஒரு கிருமி உடலுக்குள் வந்துபோனால் அதன் அடையாளம் குருதியில் தங்கிவிடும். 2013இல் ஓமான் நாட்டு ஒட்டகங்கள் 50இன் குருதியைச் சோதித்தபோது, ஐம்பதிலும் அந்த அடையாளம் இருந்தது. சோமாலியாவிலும் சூடானிலும் 1983 அளவில் எடுத்துச் சேமித்துவைத்த ஒட்டகக் குருதியிலும் அது காணப்பட்டது. மனிதர் அறியுமுன்பே பல்லாண்டுகளாக இந்த வைரசு ஒட்டகங்களிடையே உலாவியிருக்கிறது. ஒட்டகத்துக்கு இதனால் பெரிய துன்பம் இல்லை. மூக்கால் நீர் வடியும், அவ்வளவுதான். குட்டிகளிடமே இது அதிகம்.

2013இன் இறுதியில் சவூதியில் ஒருவர், சுகவீனமுற்ற தன் ஒட்டகத்தின் மூக்கில் மருந்து பூசினார். சில நாட்களில் அவரும் நோயுற்று இறந்தார். அவரிடமும் ஒட்டகத்திடமும் இருந்தது ஒரே வைரசு என்று ஆய்வுகூடம் உறுதிப்படுத்தியது.

இதைக் கேட்டு நெஞ்சிடிக்கத் தேவையில்லை. சவூதியில் 10,009 பேரின் குருதியைச் சோதித்த ஓர் ஆய்வில், 15 பேரிடமே இந்த வைரசின் அடையாளம் இருந்தது. ஒட்டகம் மேய்ப்போரிடமும் இறைச்சிக்கூடங்களில் வேலை செய்வோரிடமும் மற்றவர்களைவிட அது பல மடங்கு கூடுதலாகக் காணப்பட்டது. வீதியால் போகிற ஒட்டகத்தைப் பார்த்தால் நோய் வராது. நெருங்கிப் பழகுவதும் பச்சைப்பால் குடிப்பதுமே ஆபத்து.

ஆனால் நோயாளியிடமிருந்தும் இது மற்றவருக்குத் தொற்றும். 2015இல் ரியாத்தில் பெண்கள் மட்டும் தங்கியிருந்த ஒரு விடுதியில் இது பரவியது. 828 பெண்களைச் சோதித்தபோது 19 பேருக்குத் தொற்றியிருந்தது. நோயாளியோடு ஒரே அறையில் படுத்தவர்களுக்கே ஆபத்து அதிகம். எனினும் ஒருவரும் இறக்கவில்லை. அவர்கள் பெரும்பாலும் உடல்நலமுள்ள பெண்கள். முதியோரையும் சலரோகம், சிறுநீரக நோய் உள்ளவர்களையுமே மேர்ஸ் கடுமையாகத் தாக்குகிறது. இதுவரை உறுதிசெய்யப்பட்ட 2,600க்கும் மேற்பட்ட நோயாளரில், மூவரில் ஒருவருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். இதற்கென்று தனி மருந்தோ, பாவனைக்கு வந்த தடுப்பூசியோ இல்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. 2015 மே மாதம் வளைகுடா நாடுகளுக்குப் போய் ஒருவர் தென்கொரியாவுக்குத் திரும்பினார். காய்ச்சலோடு ஒன்றன்பின் ஒன்றாகப் பல வைத்தியசாலைகளுக்குப் போனார். அவர் எங்கெல்லாம் போய்வந்தார் என்பது வைத்தியர்களுக்குத் தெரியவர நாட்கள் சென்றன. அதற்குள் நோய் பரவிவிட்டது. மொத்தம் 186 பேர் நோயுற்றனர். 38 பேர் மாண்டனர். அந்த ஒரு விபரம் முதல்நாளே தெரிந்திருந்தால் எத்தனையோ உயிர்கள் தப்பியிருக்கும்.

"எங்கயிருந்து வாறீங்கள்?" என்ற கேள்வி எமக்குப் புதிதல்ல. சோதனைச் சாவடியிலும் நலன்புரி நிலையத்திலும் அதைக் கேட்டுக்கேட்டுப் பயந்தவர்கள் நாம். குறைத்துச் சொன்னால்தான் பாதுகாப்பு என்று பழகிவிட்டோம். 2020இல் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை ஊர் ஒதுக்கியதையும் கண்டோம். ஆகவே வைத்தியர் கேட்டாலும் மறைக்கவே மனம் சொல்லும். சகோதரிகளே, இந்தக் கேள்வி வேறு. இது எம்மைப் பிடித்துக்கொண்டு போவதற்கான கேள்வி அல்ல, காப்பாற்றுவதற்கான கேள்வி.

போக இருப்பவர்களும் அங்கிருப்பவர்களும் இவற்றை மனதில் வைத்திருங்கள்:

ஒட்டகப்பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். வீட்டார் தந்தால், வயிற்றுக்கு ஒத்துவராது என்று சொல்லுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள். இறைச்சியை நன்றாக வேகவையுங்கள். மருந்தென்று சொல்லி ஒட்டகத்தின் சிறுநீரைத் தந்தாலும் வேண்டாம்.

எசமானின் பண்ணைக்குப் போக நேர்ந்தால் ஒட்டகங்களின் முகத்தருகே போகாதீர்கள். தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள். சலரோகம் உள்ளவர்கள் அவற்றை நெருங்காமலே இருப்பது நல்லது.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சலும் இருமலும் என்றால், பராமரிக்கும் வேலை உங்கள் தலையில்தான் விழும். முகக்கவசம் அணியுங்கள், முடிந்தால் வேறு அறையில் படுங்கள்.

நாடு திரும்பி 14 நாட்களுக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுமுட்டு வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். எந்த நாட்டிலிருந்து, எந்தத் திகதியில் வந்தீர்கள், ஒட்டகத்தோடு பழகினீர்களா என்பதைக் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள்.

ஊரிலிருக்கும் எமக்கும் ஒரு கடமை உண்டு. திரும்பிவரும் பெண்ணுக்கு ஒரு தடிமன் வந்தால் வேலிக்கு மேலால் குசுகுசுக்காமல் இருப்போம். ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் எவளும் உண்மை சொல்லமாட்டாள். அவள் அனுப்பிய காசில்தான் பிள்ளைகள் படித்தன, வீட்டுக்குக் கூரை வந்தது. அவளோடு கூடப்போய் வைத்தியசாலை வரிசையில் நிற்க எம்மில் ஒருத்தியாவது இருக்க வேண்டும்.